மீனேற்றிய கார்

கிழக்கு வெளுக்கும் முன்பே கூத்தையா காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். உளி விழ விழத் துரு செதில் செதிலாக உதிர்ந்து இமையிலும் உதட்டிலும் ஒட்டியது. போன வாரம் இதே காருக்கு ஜாக்கி கொடுத்தபோது அடித்தகடு பொத்துக்கொண்டு வண்டி இறங்கியது. இடது கையில் இரண்டு விரல்கள் போயின. கட்டோடுதான் வேலை, கூலி நின்றால் உலை நின்றுவிடும்.

காருக்குச் சொந்தக்காரன் சுஐபு அந்தக் கைக்கட்டைப் பார்க்க மாட்டாமல் நின்றான்.

பட்டறை முதலாளி ஹமீது சுல்தான் கையில் தாளோடு வந்தார். ஊர் வாடகைக் கார்க்காரர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர்.

"பாத்தியாலே கூத்தையா? சொதந்திரம் வந்து பன்னெண்டு வருசமாச்சு, ஒரு கார் செய்யத் தெரியல. வெள்ளைக்காரன் வண்டி இருவது வருசம் ஓடுச்சு. இது ரெண்டு வருசத்துல சல்லடை! மெட்ராஸ் கார் கம்பெனில கொடி புடிக்கவே நேரம் பத்தல, எங்கிட்டு தகட்ட ஒழுங்காப் பத்தவைப்பான்?"

"என் தம்பி மருதுபாண்டி அங்கனதான் மொதலாளி பத்தவைக்கிறான்."

"அப்ப ஒன் வெரலத் தின்னதே ஒன் தம்பிதான்!"

அந்தத் தாள் சர்க்காருக்கு மனு. மெட்ராஸ் கார் கம்பெனியில் வேலைநிறுத்தம் செய்யும் நாற்பது பேரையும் நீக்க வேண்டும், வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது. அதற்குச் சாட்சி இந்தக் கார். தாளின் அடியில் நேற்றுப் போட்ட சுஐபுவின் கையெழுத்து. காலைத் தபாலில் அது கிளம்பிவிடும்.

கூத்தையா வெளியே ஊர்ந்து வந்தான். உள்ளங்கையில் ஒரு துருத்துண்டு. அதில் மீன்செதில் ஒட்டியிருந்தது.

"பாய், இது உள்ளேயிருந்து தின்னுருக்கு," என்றான் தணிந்த குரலில். "அன்னைக்கே பாத்தேன். நீங்களே சொல்லுவீகன்னு இருந்தேன்."

சுஐபு அந்தச் செதிலையே பார்த்தான். இரண்டு வருடமாக விடியுமுன் புதுமடம் கடற்கரையிலிருந்து ஈரமீன் கூடைகளை ஏற்றியவன் அவன். பகலில் சவாரி ஏறுகிறவர்களுக்கு வாடை தெரியக்கூடாதே! குடிக்கவே தண்ணீர் கிடைக்காத ஊரில், கரையிலேயே கடல்தண்ணீரை மொண்டு காரைக் கழுவினான். இரும்பைத் தின்றது அந்த உப்பு. பழி எங்கோ இருக்கும் நாற்பது பேருக்கு.

"ஹமீது காக்கா, தாளக் குடுங்க. மீனேத்துனது நான். கடத்தண்ணியில கழுவுனதும் நான்."

"வாய மூடுப்பா. இதச் சொன்னா நாளைக்கு ரயில் ஸ்டேசன் வாசல்ல ஒன் வண்டி நிக்காது."

"நிக்காட்டிப் போகுது."

"ஒருத்தன் போனா என்ன? இன்னும் பதினோரு கையெழுத்து இருக்கு." முதலாளி தாளை மடித்துப் பையில் செருகினார்.

சுஐபு கூத்தையாவிடம் திரும்பினான். "என்னைய மன்னிச்சிருப்பா..."

"அது கெடக்கட்டும் பாய். வெரலு மொளைக்கவா போகுது? நடந்தத எழுதுங்க. மெட்ராஸ்ல அந்த நாப்பது பேரு சங்கத்துக்கு நான் அனுப்புறேன்."

பட்டறையில் மற்ற ஆட்களின் சுத்தியல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"வேலையப் பாருங்கடா!" என்று முதலாளி கத்தினார்.

ஒருவரும் அசையவில்லை. தாள் வந்தது, பென்சில் வந்தது. வைத்து எழுதத்தான் இடமில்லை. பக்கத்து வண்டியில் வேலையாயிருந்த நாகநாதன் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு வந்து, வியர்வை காயாத முதுகைக் குனிந்து கொடுத்தான்.

"எழுதுங்க பாய். கூத்தையாவுக்குப் பட்டறை நட்டஈடு தரணும்னும் சேத்து எழுதுங்க. கீழ கையெழுத்துப் போட நாங்க நாலு பேரு நிக்கிறோம்."