உளியின் தலை

நர்ஸ் நீட்டிய சின்ன பிளாஸ்டிக் டப்பாவை வாங்க மேகலா பயந்தாள். "நீங்க வாங்கிக்குங்க அத்தான்" என்று இளஞ்செழியனை முன்னால் தள்ளிவிட்டு இவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கண்ணுக்குள்ளிருந்து எடுத்ததைச் சொந்தக்காரர்களிடம் காட்டிவிடுவது அந்த ஆஸ்பத்திரி வழக்கம் போலிருக்கிறது. ஈரப் பஞ்சின் மேல் நொய்யரிசி அளவுக்கு ஒரு இரும்புத் துணுக்கு கிடந்தது. "ஆத்தாடி, இவ்ளோ பெருசா?" என்றாள் மேகலா. இளஞ்செழியன் டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். ஒரு பக்கம் பளபளவென்று எண்ணெய்க் கறுப்பு. உடைந்த பக்கம் சீனி மாதிரி மினுமினுத்தது. துருப்பிடித்த போல்ட் இப்படி உடையாது. அந்தக் கறுப்பு அவனுக்கு நன்றாகத் தெரியும். அதை மொபைலில் விதவிதமாகப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பியவனே அவன்தான்.

"போல்ட்டுத் துருதான அத்தான்?"

"ஆமா. துருதான்."

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னபிறகு டப்பாவை மூடிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். மேகலா அதைத் திரும்பக் கேட்கவில்லை.

மேகலா அவன் மனைவி சாவித்திரியின் தங்கை. அவள் புருஷன் வீரையனுக்குச் சாலியமங்கலம் பக்கத்தில் நிலம். சம்பா நடவுக்குச் சேறடித்து முடித்து, டிராக்டரில் சேற்றுக்கு மாட்டுகிற கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரத்தைக் கழற்றும்போது ஒரு நட் அசையவே மாட்டேன் என்றிருக்கிறது. உளியை வைத்துச் சம்மட்டியால் அடித்திருக்கிறான். ஏதோ தெறித்து இடது கண்ணில் பாய்ந்துவிட்டது. துரு என்றார்கள், நட்டின் சில்லு என்றார்கள், நேரம் சரியில்லை என்றார்கள். உளியை யாரும் சந்தேகப்படவில்லை. எப்படிச் சந்தேகப்படுவார்கள்? ஆயுத பூஜைக்குச் சகலை தன் கையால் அடித்துக் கொடுத்த உளி அல்லவா அது!

இளஞ்செழியனுக்குத் தஞ்சாவூரில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. அடிபட்டவர்கள், கைகால் போனவர்கள் அனுப்புகிற விண்ணப்பங்களைப் படித்து, யார் மேல் தப்பு என்று எழுதுகிற பிரிவு. "கவனக்குறைவு" என்ற வார்த்தையை அவன் அளவுக்கு எழுதியவன் அந்த ஆபீசில் வேறு யாரும் இல்லை. ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்தபோது, வெளிநாட்டுக்காரர்கள் வீட்டுத் தோட்டத்தில் இரும்பு அடிக்கிற வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தான். பிறகு வேடிக்கை பார்ப்பது போதவில்லை. லாரியின் பழைய பிரேக் டிரம் அடுப்பாயிற்று. தண்டவாளத் துண்டு ஒன்று எங்கிருந்தோ வந்து பட்டறைக்கல் ஆயிற்று. ஊதுவதற்குச் சாவித்திரியின் ஹேர் டிரையர். "ஒவ்வொருத்தன் பொழுது போகலைன்னா கேரம் ஆடுவான், ரோசாச் செடி வப்பான். எனக்கு வாச்ச மனுசன் ஞாயித்துக்கெழமையானா கரியப் பூசிக்கிட்டு நிக்கிறாரு" என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லும்போது குறை மாதிரிதான் இருக்கும், ஆனால் முகத்தில் பெருமை வழியும். வாசல் கேட்டில் அவன் அடித்துப் பொருத்திய இரும்புக் கொடியை, வருகிறவர்கள் தொட்டுப் பார்க்காமல் உள்ளே வருவதில்லை. இவனைப்போல் வீட்டில் இரும்பு அடிக்கிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவும் இருந்தது. திருச்சியில் ஒரு பல் டாக்டர், மன்னார்குடியில் ஒரு கணக்கு வாத்தியார், அதிராம்பட்டினத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஷேக் பரீத். இதில் இளஞ்செழியன்தான் ராஜா. அவன் படம் போட்டால் கைதட்டல் வந்து குவியும்.

ஆயுத பூஜைக்கு வேண்டியவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு உளி கொடுப்பது என்று முடிவு செய்தான். லாரி ஸ்பிரிங்கை வெட்டி, பழுக்கக் காய்ச்சி, அடித்து, எட்டுப்பட்டையாக இழைத்து, எண்ணெயில் முக்கினான். அங்கேதான் தப்பு நடந்தது. உளியின் வாய்தான் கெட்டியாக வேண்டும். சம்மட்டி அடி வாங்குகிற தலை இளக்கமாகவே இருக்க வேண்டும். அடிக்க அடிக்க அது நசுங்கிப் பரவலாம், சிதறக் கூடாது. பழுத்த இரும்பு எண்ணெயில் பட்டால் கெட்டியாகிவிடும், அதனால் வாயை மட்டும்தான் முக்குவார்கள். இது அவனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். முதல் உளியை அப்படித்தான் செய்தான். ஆனால் பாதி கறுப்பு, பாதி சாம்பல், நடுவில் திட்டுத் திட்டாய் ஒரு கோடு. படத்தில் பார்க்கச் சகிக்கவில்லை. அடுத்ததை முழுசாக முக்கி எடுத்தான். தலை முதல் வாய் வரை ஒரே கறுப்பு. அப்பா, என்ன அழகு! மிச்ச எல்லாவற்றையும் அப்படியே முக்கிவிட்டான். வாய்ப் பக்கத்துக்கு மட்டும் திரும்ப லேசாகச் சூடு காட்டிப் பதப்படுத்தினான். தலை கண்ணாடி மாதிரி, அடித்தால் சிதறுகிற பதத்திலேயே நின்றுவிட்டது.

குழுவில் படத்தைப் போட்டபோது பரீத் ஒருவர் மட்டும் கேட்டார்: "சார், தலைப் பக்கம் சாஃப்டா இருக்க வேணாமா?" கேட்டது சரி என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில் ஆமாம் என்று எப்படி எழுதுவது? "தலையும் உறுதியா இருந்தாத்தான் பாய் அடி தாங்கும்" என்று எழுதினான். பல் டாக்டர் அதற்கும் கைதட்டினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவன் முதலில் நினைத்தது வீரையனின் கண்ணைப் பற்றி அல்ல. இன்னும் எத்தனை பேர் கையில் அந்த உளி இருக்கிறது என்பதைத்தான். அதுகூட அவர்கள் கண்களுக்காகவா, இல்லை விஷயம் வெளியே வந்துவிடும் என்பதற்காகவா என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. குழுவில் ஒரு வரி எழுதினால் போதும்: உளியை யாரும் அடிக்காதீர்கள், தலையில் தப்பு இருக்கிறது. எழுதினான். அழித்தான். திரும்ப எழுதினான். கடைசியில் குழுவுக்கும், உளி வாங்கிய ஆபீஸ்காரர்களுக்கும் அனுப்பியது இது: "நண்பர்களே, உளியில் உங்கள் பெயர் பொறித்துத் தர ஆசை. பொறிக்கும்வரை யாரும் பயன்படுத்த வேண்டாம், மெருகு போய்விடும். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்."

எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். அதுதான் கொடுமை. ஆபீசில் பக்கத்து சீட்டுக் குந்தவை மறுநாளே மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். "இதால நான் தேங்கா ஒடச்சிக்கிட்டு இருந்தேன், தப்பா நெனச்சிக்காதீங்க சார்" என்று சிரித்தாள். "குந்தவைன்னு தமிழ்லயே போடுங்க." மன்னார்குடி வாத்தியார் காபி கொடுத்து, தன் பெயரின் முன்னால் தலைப்பெழுத்தும் வேண்டும் என்றார். திருச்சிக்காரர் கூரியரில் அனுப்பிவிட்டார். அதிராம்பட்டினத்துக்கு பஸ்ஸில் போனான். பரீத் கடையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போய், வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் மீன் குழம்போடு சோறு போட்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் சார்" என்றார், கை கழுவும்போது. "அன்னைக்கு குரூப்ல எல்லார் முன்னாடியும் அந்தத் தலைப் பக்கத்தப் பத்திக் கேட்டுட்டேன். அப்பறம் மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. தனியாக் கேட்டிருக்கலாம். மன்னிச்சிருங்க."

இளஞ்செழியன் கழுவிய கையையே திரும்பவும் கழுவினான். இப்போது சொல்லிவிடலாம். எதிரே நிற்கிறவர் நல்ல மனுஷர். வேறு யாரும் இல்லை. இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

"அட, அதெல்லாம் ஒண்ணுமில்ல பாய்" என்றான்.

பஸ்ஸில் திரும்பும்போது பட்டுக்கோட்டை வரைக்கும் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தான். ஒரு மனுஷன் சரியாகக் கேட்டதற்காக இவனிடம் மன்னிப்புக் கேட்கிறான், இவனும் பெரிய மனசு பண்ணி மன்னிக்கிறான். தூ!

உளிகள் சாமான் அறையில் ஒரு சாக்கில் சேர்ந்தன. சாவித்திரி அதைப் பார்த்துவிட்டு, "வீரையன்ட்ட வாங்கலையா? எல்லாருக்கும் பேரு போட்டுட்டு அவருக்கு மட்டும் விட்டா மேகலா மனசுல என்ன நெனப்பா? பாவம், கண்ணு வேற இப்புடி இருக்கு" என்றாள். கண்ணுக்குப் பார்வை வருமா என்று டாக்டர் இன்னும் உறுதி சொல்லவில்லை. வெளிச்சம் தெரிகிறது என்கிறார், அதற்கு மேல் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பிப் போனான். சாவித்திரி வரவில்லை. ராத்திரி பெய்த மழையில் வீரையனின் வாசல் சொதசொதவென்று கிடந்தது. டிராக்டர் கொட்டகையில் நின்றது. ஒரு பக்கக் கேஜ் வீல் கழன்று கீழே கிடக்க, மறுபக்கம் அப்படியே இருந்தது. டிரைவர் தமிழரசன் பக்கத்தில் குந்தி ஏதோ செய்துகொண்டிருந்தான். கூடத்தில் வீரையன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், இடது கண்ணில் வெள்ளைக் கட்டு. "வாங்க சகலை" என்று காலடிச் சத்தம் கேட்ட பக்கம் பார்த்துச் சொன்னான். இரண்டு காலி நாற்காலிகள் கிடந்தன. இளஞ்செழியன் கட்டுப்போட்ட பக்கமாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தான். வேண்டுமென்றுதான் உட்கார்ந்தான். அங்கிருந்து வீரையனின் முகத்தை இவன் பார்க்கலாம். அவன் இவனைப் பார்க்க முடியாது.

"பேரு போடுறீங்களாமே. மேகலா சொன்னா."

"ஆமா... சும்மா ஒரு ஆசை."

"போடுங்க, போடுங்க. உளி நல்ல உளி சகலை. வாயி இன்னும் மழுங்கல. என் கைதான் சரியில்ல. அன்னைக்கு அவசரத்துல கோணலா அடிச்சிட்டேன் போலருக்கு. இருவது வருசமா அடிக்கிறேன், எனக்குத் தெரிய வேணாமா? வந்து பாக்குறவங்க எல்லாம் கேக்குறாங்க, ஏன்யா, கண்ண மூடிக்கிட்டா அடிச்சன்னு." சிரித்தான். "நாலு பேரு முன்னாடி சின்னப்பய மாதிரி ஆயிடுச்சு சகலை. வெக்கமாத்தான் இருக்கு."

மேகலா சாமி மாடத்திலிருந்து உளியை எடுத்து வந்தாள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் இன்னும் அதன் ஒரு பட்டையில் காய்ந்து ஒட்டியிருந்தது. இரும்பைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று, அதை அவர்களுக்கு நடுவே தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். தலையின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. பெயர்ந்த இடத்திலிருந்து மயிரிழை போல ஒரு கீறல் உள்ளே ஓடியது. அடுத்த அடிக்கோ, அதற்கடுத்த அடிக்கோ அது பிளந்துகொள்ளும். எடுத்துப் பைக்குள் போட வேண்டியதுதான் பாக்கி. போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது. கவனக்குறைவு என்று வீரையனே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்த மாதிரிதான். குனியத்தான் முடியவில்லை.

அதற்குள் தமிழரசன் வாசலில் வந்து நின்றான். "அண்ணே, மறுபக்கம் நட்டும் மக்கர் பண்ணுது. அந்த உளியக் குடுங்களேன்."

"அந்தா கீழ கெடக்கு பாரு, எடுத்துக்க" என்றான் வீரையன். "சகலை, அவன் வேலைய முடிச்சிரட்டும். பேரு அப்பறமாப் போட்டுக்கலாம்ல?"

தமிழரசன் வந்து குனிந்து எடுத்துக்கொண்டு போனான். இளஞ்செழியன் தலையாட்டினானா, சும்மா இருந்தானா என்பது அவனுக்கே தெரியவில்லை. வேறு காரணம் ஏதாவது சொல்லலாமா என்று மனசு அப்போதும் தேடிக்கொண்டிருந்தது. மெருகு போய்விடும் என்று சொல்லலாமா? இன்றே பொறிக்க வேண்டும் என்று சொல்லலாமா? கொட்டகையில் சம்மட்டி விழுந்தது. டங்.

"அடிக்காத!" நாற்காலி பின்னால் சரிய எழுந்து ஓடினான். செருப்பில்லாமல் சேற்றில் வழுக்கி, விழுந்து, முழங்காலை ஊன்றி எழுந்து, ஓங்கியிருந்த சம்மட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அடிக்காதப்பா, அடிக்காத." தமிழரசன் பயந்துபோய் உளியைக் கீழே விட்டான். அவன் கண் இரண்டும் முழுசாக இருந்தன. இளஞ்செழியன் அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

உளியோடு கூடத்துக்கு வந்தான். வேட்டியெல்லாம் சேறு. மேகலா கரண்டியோடு உள்வாசலில் வந்து நின்றிருந்தாள். சரிந்த நாற்காலியை நிமிர்த்தி அதே இடத்தில் உட்கார்ந்தான்.

"என்ன சகலை, என்ன ஆச்சு?"

"ஒங்க கை சரியாத்தான் இருந்துச்சு" என்றான். குரல் அவன் குரல் மாதிரியே இல்லை. "கோணலா அடிக்கல நீங்க. தலைப் பக்கத்த எண்ணெயில முக்கக் கூடாது. முக்குனா ஒடஞ்சு தெறிக்கும். தெரிஞ்சேதான் முக்குனேன் சகலை. பாக்க நல்லா இருக்கும்னு முக்குனேன். ஒங்க கண்ணுல இருந்து எடுத்தது துரு இல்ல. ஆஸ்பத்திரியிலயே எனக்குத் தெரியும். பேரு போடத்தான் வந்தேன்னு சொன்னது பொய்யி."

மேகலாவின் கையிலிருந்த கரண்டியிலிருந்து என்னவோ சொட்டிக்கொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை. வெளியே தமிழரசன் கைகளை லுங்கியில் தேய்த்துக்கொண்டு, உள்ளே வருவதா போவதா என்று தெரியாமல் நின்றான்.

வீரையனின் கட்டுப்போட்ட பக்கம்தான் இன்னும் இளஞ்செழியனுக்கு நேராக இருந்தது. பிறகு அவன் நாற்காலியின் கைப்பிடி இரண்டையும் பிடித்துக்கொண்டு, கழுத்து வலிக்கிறவன் போல மெல்ல மெல்லத் திரும்பினான். முதலில் கட்டு விலகிப் போனது, பிறகு மூக்கு வந்தது, அதன் பின்னால் மிச்சமிருந்த அந்த ஒரு கண் வந்து இளஞ்செழியன் முகத்தில் நின்றது.