மினாகோ கேட்காத குயில்

எங்கள் ஹைக்கூ வட்டம் மாதத்தின் முதல் ஞாயிறு மதியம், தீயணைப்பு நிலையத்துக்கு மேல்மாடியில் கூடும். பதினோரு பேர். ஆளுக்கு மூன்று கவிதைகளைப் பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். கையெழுத்து தெரியாதபடி அவற்றை வேறொருவர் படியெடுப்பார். பிறகு அவரவருக்குப் பிடித்ததைத் தேர்ந்து வாசிப்போம். வாசித்தது யாருடையதோ, அவர் அப்போதுதான் தன் பெயரைச் சொல்வார்.

அந்த ஜூனில் சலவைக் கடை மினாகோவிடம் இரண்டு கவிதைகள்தான் இருந்தன. பேருந்தில் வரும்போது, ஹைக்கூவில் பருவத்தைக் காட்டும் சொற்களைத் தொகுத்த பருவச்சொல் கையேட்டைப் புரட்டினாள். மலைக்குயில் என்ற பக்கத்தில் விரல் நின்றது. பத்து நிமிடத்தில் மூன்றாவது தயார்.

முதல் குயில்—
இறக்கி வைத்த பையை
எடுக்க மனமில்லை

அந்த வருடம் அவள் குயிலைக் கேட்கவில்லை. சொல்லப்போனால், கடையில் புது இயந்திரம் வந்த பிறகு ஆறு வருடமாகக் கேட்டதில்லை. அந்தக் கவிதையை ஏழு பேர் தேர்ந்தோம். நானும் அதில் ஒருவன். "தகேயி மினாகோ" என்று அவள் பெயர் சொன்னபோது வெட்கத்தில் தலை குனிகிறாள் என்றுதான் நினைத்தேன்.

கூட்டம் கலைந்து எல்லோரும் காலணி மாட்டும்போது கொமியாமா அவளிடம் வந்தார். நாற்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஏப்ரலிலிருந்து அவர் மனைவி யசுயோ நுரையீரல் நோயோடு மருத்துவமனையில் கிடந்தாள். மலையடிவாரத்தில் பிறந்தவள், குயில் வந்துவிட்டதா என்று தினமும் கேட்கிறாளாம். போய்க் குரலைக் கைபேசியில் பதிந்து அவளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும், எந்த இடம், எத்தனை மணி என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல அதுதான் நேரம். ஆனால் மினாகோவின் வாய் வேறு எதையோ சொன்னது.

"கோயிலுக்குப் பின்னாடி தேவதாரு மரங்க இருக்கே, அங்கதான். விடியற்காலைல."

அவர் அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனார்.

புதன்கிழமை அவர் சட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று விடியலும் போயிருக்கிறார், குயில் கூவவில்லை. உட்காருவதற்கு மடக்கு நாற்காலி ஒன்று வாங்கியிருப்பதாகவும், தான் அசைந்து அசைந்துதான் பறவையை விரட்டிவிடுகிறோமோ என்று சந்தேகமாக இருப்பதாகவும் சொன்னார். அன்று மினாகோ ஒருவர் கோட்டில் இன்னொருவர் சீட்டைக் குத்தினாள். ஒரு வெள்ளைச் சட்டையின் கழுத்தைக் கருக்கினாள். சாப்பாட்டின் நடுவில் எழுந்து, எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள். கடைசியில் எங்கள் வட்டத்தை நடத்தும் பல் மருத்துவர் ஒகிதாவிடம் தொலைபேசியில் பேசி, கேட்காத குரலைப் பற்றி எழுதலாமா என்று கேட்டாள். மேசையில் உட்கார்ந்து எழுதிய நல்ல கவிதைகள் எத்தனையோ இருக்கின்றன, கற்பனைக்குத் தடை ஏது என்றாள் ஒகிதா.

"அப்போ நான் செஞ்சது தப்பில்லையா?"

"கவிதையில தப்பில்ல" என்றாள் ஒகிதா. நோயாளி காத்திருக்கிறார் என்று வைத்துவிட்டாள். 'கவிதையில' என்ற அந்த ஒரு சொல் மினாகோவின் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்தி நின்றது.

அடுத்த ஞாயிறு விடியலில் அவள் மலையேறினாள். தேவதாருவின் அடியில் கொமியாமா முழங்காலில் கைபேசியை வைத்துக்கொண்டு, மூச்சு விடுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். ஓரிடத்தில் நிலைகொள்ளாத மனிதர் அவர். அவர் அப்படி அசையாமல் இருந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஐயா, நான் இங்க குயில் சத்தம் கேக்கவே இல்ல. பஸ்ல வரும்போது புத்தகத்தைப் பார்த்து எழுதினேன்."

அவர் கைபேசியை அணைத்தார். நாற்காலி ஒரே தடவையில் மடங்கவில்லை.

"ஏழு நாள்" என்றார். "நாளைக்குக் கேட்டுடும், நாளைக்குக் கேட்டுடும்னு அவகிட்ட சொல்லிட்டிருந்தேன்."

நாற்காலியை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் போனார். அவர் பின்னாலேயே அதே பாதையில் இறங்க மினாகோவுக்குக் கால் வரவில்லை. ஒரு வேரின் மேல் உட்கார்ந்தாள். மனத்துக்குள் மன்னிப்பு வாக்கியங்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தன.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். அவர் உட்கார்ந்த ஏழு நாளைத் தானும் உட்கார்ந்து தீர்க்க வேண்டும் என்று ஒரு கணக்கு. முதல் நாட்களில் கடையைப் பற்றிய கவலை, கொசு, முட்டிவலி. ஐந்தாம் நாள், ஊசியிலைகளிலிருந்து பனித்துளி ஒவ்வொன்றாகக் கீழே மூங்கில் புதரில் விழுவதைக் கேட்டாள். ஓர் இலை துளியை வாங்கித் தலையாட்டும். பக்கத்து இலை சும்மா இருக்கும். அடுத்த துளி எந்த இலைக்கு என்று சொல்ல முடியவில்லை. கீழே பள்ளத்தாக்கில் முதல் ரயில் போன சத்தம் கேட்டபோதுதான், எதற்காக இங்கே வந்தோம் என்பதே மறந்திருந்தது தெரிந்தது. சாமி, பூசை என்று அலைகிறவளில்லை அவள். ஆனாலும் எழுந்தபோது அந்த மரத்தைப் பார்த்துக் கைகூப்பினாள். இறங்க இறங்கப் பழைய பதைப்பு திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. இதையெல்லாம் பிறகு அவளே என்னிடம் சொன்னாள்.

ஏழாம் நாள்வரை குயில் வரவில்லை.

அவள் மருத்துவமனைக்குப் போகத் துணிந்தது, ஜூலைக் கூட்டத்துக்கு முந்தைய வியாழக்கிழமை. கொட்டும் மழையில் பேருந்து நிழற்குடையில் நின்றாள். மழை விட்டு, கொமியாமாவின் வண்டி வெளியே போன பிறகுதான் உள்ளே நுழைந்தாள். யசுயோ ஜன்னலோரப் படுக்கையில், மூக்கில் குழாயோடு சாய்ந்திருந்தாள்.

"நீங்கதானா அந்தக் குயில்கார அம்மா?"

மினாகோ இடுப்பு வளையக் குனிந்தாள். நிமிரவே இல்லை.

"நிமிருங்க, எனக்குக் கழுத்து வலிக்குது. அந்த மனுஷன் கல்யாணச் சடங்குலயே மூணு தரம் எழுந்து போனவர். ஏழு நாள் மலையில உக்காந்துட்டு வந்து நரி பார்த்தேன், பனி பார்த்தேன்னு கதை கதையா சொன்னார். ஐம்பது வருஷத்துல என்கிட்ட அவ்வளவு பேசினதில்ல." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "அதுக்காக நீங்க செஞ்சது சரின்னு ஆயிடாது. கோவமாத்தான் இருக்கார். இருக்கட்டும். பேனா இருக்கா?"

வாழ்நாளில் ஒரு கவிதைகூட எழுதியவளில்லை யசுயோ. ஜன்னலுக்கு வெளியே, ஈரமான வாகன நிறுத்தத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

மாலைமழை ஓய்ந்தது—
வண்டி நின்றுவிட்டுப் போன இடத்தில்
காய்ந்த தரை

பழக்க தோஷம், இரண்டாம் வரியைக் கொஞ்சம் சுருக்கலாமே என்றாள் மினாகோ.

"கை வைக்காதீங்க" என்றாள் யசுயோ. "இப்படியே கொண்டுபோய்ப் போடுங்க. அவர்கிட்ட மூச்சு விடக்கூடாது."

ஜூலைக் கூட்டத்துக்குக் கொமியாமா வந்தார். மினாகோ இருந்த பக்கம் திரும்பாமல் கோடியில் உட்கார்ந்தார். கூட்டம் தொடங்கும் முன் மினாகோ எழுந்து, தன் குயில் கவிதை பொய் என்றும், வட்டத்தின் ஆண்டு மலரிலிருந்து அதை எடுத்துவிடும்படியும் சொன்னாள். யாரோ பார்லித் தேநீரை ஊற்றத் தொடங்கினார்கள்.

கொமியாமாவின் முறை வந்தது. தேர்ந்த கவிதையை இரண்டு தடவை வாசித்தார். நாற்பது வருஷத்தில் எத்தனையோ இடத்தில் வண்டியை நிறுத்தியிருக்கிறேன், எடுத்த பிறகு அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்ததே இல்லை, இதை எழுதியவர் பார்த்திருக்கிறார், அதனால் தேர்ந்தேன் என்றார்.

"யாருடையது?" என்று ஒகிதா கேட்டாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவள் மறுபடி கேட்டாள்.

"கொமியாமா யசுயோ" என்றாள் மினாகோ.

அவர் தாளைக் குனிந்து பார்த்தார். பிறகு, அந்த விடியலுக்கு அப்புறம் முதல் தடவையாக மினாகோவிடம் பேசினார்.

"எப்போ சொன்னா?"

"வியாழக்கிழமை. நீங்க கிளம்பினதும்."

தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மூக்குக்கண்ணாடிக் கூடும் தேநீரும் மேசையிலேயே இருந்தன. படியில் இறங்கும் சத்தமும், அவர் வண்டி கிளம்பும் சத்தமும் கேட்டன. அடுத்து வாசிக்க வேண்டியது நான். எந்தப் பக்கத்தை வாசிக்க வேண்டும் என்றே எனக்குத் தெரியவில்லை.

யசுயோ செப்டம்பர்வரை உயிரோடு இருந்தாள். இன்னும் பதினான்கு கவிதைகள் சொன்னாள். கொமியாமா அவற்றைத் தன் கையாலேயே எழுதி எடுத்துவந்து பெட்டியில் போடுவார். மினாகோவிடம் அவர் இன்றுவரை தேவைக்கு மேல் பேசுவதில்லை. சட்டைகளை மட்டும் அவள் கடைக்கேதான் கொண்டுபோகிறார்.