சாம்பல் பக்கம்

வாயில் நான்கு குண்டூசி இருக்கும்போது அலற முடியாது. அதனால்தான் நர்ஸக்கா அந்த விஷயத்தைச் சொன்னபோது நான் "ம்ம்ம்!" என்று மட்டும் கத்தினேன். ஊசி குத்திவிட்டதென்று நினைத்து அக்காதான் துள்ளிவிட்டார்.

சீருடையின் இடுப்பைக் கொஞ்சம் பிடித்துத் தரச் சொல்லி வந்திருந்தார். நான் அளவு வைக்க, அவர் பேசிக்கொண்டே நின்றார். "அமைதியா இருந்தா எனக்குத் தூக்கமே வராதும்மா. சின்ன வயசுல எங்க பின்வேலிய ஒட்டித்தான் கூட்ஸ் வண்டி போகும்."

ஊசிகளை உள்ளங்கையில் துப்பினேன். "எந்தப் பக்கம் அக்கா? ஸ்டேஷன் இருக்கற பக்கமா, எதிர்ப்பக்கமா?"

"எதிர்ப்பக்கம். ஏன்?"

ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் என் வீட்டுக்காரரில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். இவர் ஊர் வாய்க்குப் பல் கட்டிக் கொடுப்பவர். டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்ப, வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்வார். அந்த வேலை முடிந்ததும் அதே மேசையில், அதே சின்ன அரத்தை வைத்துக்கொண்டு ரயில் பெட்டி செய்வார். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. எது வாய்க்குப் போவது, எது தண்டவாளத்துக்குப் போவது என்று நான் பார்த்துப் பார்த்துத்தான் துடைக்க வேண்டும்.

இவரைப் போல இன்னும் பதினான்கு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். இப்போது ஓட்டத்தில் இல்லாத பழைய ரயில்களை அச்சு அசலாகச் செய்வது அவர்கள் வேலை. சங்கத்துக்கு ஒரே ஒரு விதி: சான்று இல்லாத இடத்துக்குச் சாயம் இல்லை. வரைபடம், போட்டோ, நேரில் பார்த்தவரின் கையொப்பம், இந்த மூன்றில் ஒன்று வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தைச் சாம்பல் நிறப் பூச்சோடு அப்படியே விட்டுவிட வேண்டும். ஆண்டு விழாவில் எல்லாருடைய பெட்டிகளையும் கோத்து ஒரே ரயிலாக ஓட்டுவார்கள். சாம்பல் இருக்கும் பெட்டிக்கு அதில் இடம் கிடையாது.

இவர் செய்தது கார்டு பெட்டி. சரக்கு ரயிலின் கடைசியில் கார்டு உட்கார்ந்து போகும் மரப்பெட்டி. ஒரு பக்கம் பழுப்புச் சாயத்தில் கண்ணைப் பறிக்கும். மறுபக்கம் நான்கு வருடமாகச் சாம்பல். காரணம் எளிமையானது. படம் எடுத்தவர்கள் எல்லாரும் பிளாட்பாரத்தில் நின்று எடுத்திருக்கிறார்கள். இறங்கி அந்தப் பக்கம் போய் எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வரைபடம் கேட்டுப் போன இடத்தில் கரையான் முந்திக்கொண்டது என்றார்கள். ஓய்வுபெற்ற கார்டு ஒருவரைத் தேடிப் பிடித்தார். அந்த மனிதர் இருபது வருடம் பெட்டிக்கு உள்ளேயே இருந்ததால் வெளியே எப்படி இருக்கும் என்று கவனித்ததே இல்லையாம்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான இருக்கும்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"நீ தைக்கற சட்டைக்கு இடது பக்கம் பாக்கெட் இருக்கு. வலது பக்கமும் இருக்கா?"

அதோடு அந்தக் கேள்வியை விட்டேன். ஆனால் ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் மற்றவர்கள் பெட்டி ஓடுவதை இவர் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுக்குச் சேர்த்துக்கொள்ளாத பிள்ளை மாதிரி நிற்பார்.

பழைய படம் ஏதாவது இருக்குமா என்று பார்க்க, மறுநாள் மாலையே நர்ஸக்கா வீட்டில் இருந்தோம். விழாவுக்கு இன்னும் பத்து நாள். கூடத்துச் சுவரில், சட்டமிட்ட கறுப்பு வெள்ளைப் படம். பத்து வயது அக்கா, புதுச் சைக்கிளோடு. பின்னால் வேலி, வேலிக்குப் பின்னால் சிக்னலுக்காக நின்றிருந்த கூட்ஸின் கடைசிப் பெட்டி. சாட்சாத் அதே பெட்டி, அந்தப் பக்கம்! இவர் லென்ஸை எடுத்துக்கொண்டு பல்லி போலச் சுவரில் ஒட்டினார்.

"அக்கா தலை மறைக்குது" என்றார் கடைசியில், அக்காவை நகரச் சொல்பவர் போல.

"அப்ப எனக்கு முடி ஜாஸ்திப்பா" என்று அக்கா மன்னிப்புக் கேட்டார்.

பின்புறம் தேதி எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சட்டத்தைக் கழற்றினார்கள். அட்டைக்கும் படத்துக்கும் நடுவிலிருந்து இன்னொரு படம் நழுவி விழுந்தது.

"அட, இது இங்கயா இருக்கு! என் தம்பி எடுத்தது. கேமராவப் பாருடின்னா ரயிலப் பாக்கறியேன்னு அம்மா திட்டுனாங்க. கார்டுக்கு டாட்டா காட்டாம எப்படி இருக்கறது?"

இரண்டாவது படத்தில் அக்காவின் முகம் இல்லை. முதுகும், தூக்கிய வலது கையும்தான். தலை விலகியிருந்ததால் பெட்டி தெரிந்தது. பிளாட்பாரப் பக்கம் செங்குத்தாக இருக்கும் பலகைகள் இங்கே படுக்கையாக ஓடின. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் பலகை அடித்து மூடியிருந்தார்கள். இவருக்கு வாயெல்லாம் பல். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

பிறகு லென்ஸ் ஒரே இடத்தில் நின்றது. கதவுக்குப் பக்கத்தில், கைப்பிடிக் கம்பி இருக்க வேண்டிய இடம். இருந்ததா, எத்தனை இருந்தது என்று தெரியவில்லை. அக்காவின் கை அதை முழுசாக மறைத்திருந்தது.

நான் அக்காவைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். "அங்க கம்பி இருந்துச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்கக்கா. பாவம், நாலு வருஷம்."

"அதுக்கென்ன, குடுத்துட்டாப் போச்சு. எத்தன கம்பி வேணும்?"

"ரெண்டு போடுங்க."

கூடத்துக்கு வந்த அக்கா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "இப்பத்தான் ஞாபகம் வருது, அங்க ரெண்டு கம்பி" என்றார். இவர் பேனாவைத் திறந்தார். "நிக்க வச்ச கம்பியா, படுக்க வச்சதா அக்கா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். இவர் பேனாவை மூடிவிட்டார். "பரவால்லக்கா. தெரியாததுக்குத்தான் சாம்பல் இருக்கு."

இரண்டு தெரு தாண்டும்வரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். மூன்றாவது தெருவில் தோள் குலுங்கியது. "ரெண்டு கம்பியாம்!" என்று நடுரோட்டில் நின்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இந்த வருடமும் கைகட்டி நிற்கப் போகிறாரே என்றிருந்தது.

விழாவுக்கு முந்தின நாள்வரை பலகை பலகையாகச் சாயம் பூசினார். கை மறைத்த இடத்தை மட்டும் விட்டுவிட்டார். விரல்களுக்கு நடுவே தெரிந்த பலகைக்குக்கூட ஒற்றை மயிர்த் தூரிகையால் பழுப்பு வைத்தார். முடிவில் பெட்டியின் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு சின்னச் சாம்பல் கை நின்றது.

"ஒரு சொட்டு பழுப்பு வச்சா யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே."

விழா அன்று நர்ஸக்காவும் வந்தார். சங்கத் தலைவருக்கு நாங்கள் மனைவிமார் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். விடைத்தாள் திருத்துகிற முகத்தோடு ஒவ்வொரு பெட்டியாக எடுத்துப் பார்த்துத் தண்டவாளத்தில் வைத்தார். எங்கள் பெட்டியைத் திருப்பியவர் நிறுத்தினார்.

"சாம்பல் இருக்கே."

"ஆமா சார்." இவர் படத்தை நீட்டினார்.

தலைவர் படத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "சுண்டு விரல் வளைஞ்சிருக்கு. தூரிகை தவறிடுச்சா?"

"தவறல சார். படத்துலயே அப்படித்தான்."

நர்ஸக்கா கூட்டத்தை விலக்கி வந்து தன் வலது கையை நீட்டினார். "பொறந்ததுல இருந்தே அப்படித்தாங்க." சுண்டு விரல் வெளிப்பக்கம் வளைந்திருந்தது. தலைவர் அந்தக் கைக்கு லென்ஸ் பிடித்தார். பிறகு பெட்டிக்கு.

"தெரியாத இடத்தைத்தான் சாம்பலா விடணும்" என்றார் தலைவர், யாரையும் பார்க்காமல். "இங்க என்ன தெரிஞ்சுதுங்கறதுக்குச் சான்று இருக்கே. கை தெரிஞ்சுது. இது விட்டுப்போன இடம் இல்ல, கை."

பெட்டியைக் கடைசி இடத்தில் வைத்து, இடுக்கியால் கொக்கியை மாட்டினார். இவர் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். எங்கே வைப்பதென்று தெரியாமல் என் தோளில் வைத்தார். ரயில் கிளம்பியது. ஸ்டேஷனைக் கடந்து, பாலத்தைக் கடந்து, காகிதக்கூழ் மலையின் சுரங்கத்துக்குள் நுழைந்து மறைந்தது. எல்லாரும் மேசையின் மறுமுனைக்கு நகர்ந்தோம். இஞ்சின் சத்தம் மட்டும் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. ரயில் இன்னும் வெளியே வரவில்லை. நர்ஸக்கா அதற்குள்ளாகவே கையைத் தூக்கிவிட்டார்.