சுருள் சுற்றியவரைப் பற்றி ஒரு வரி

பல் டாக்டருக்குக் காலையில் பல், மாலையில் ரேடியோ. கிளினிக்கின் பின்னறையில் நாற்பத்திரண்டு வால்வு ரேடியோக்களைச் சேர்த்து வைத்திருந்தார். பல்லிடுக்கைப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியைத்தான் ரேடியோவின் அடிவயிற்றுக்குள்ளும் விடுவார். "கழுவிட்டுத்தானே திரும்ப அங்க கொண்டு போறீங்க?" என்பாள் மனைவி. பழைய கண்ணாடிகளைத்தான் அதற்கு ஒதுக்கியிருந்தார் என்பது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் கேட்பாள்.

அவற்றில் பதினொன்று குருவி ரேடியோ. முன்பக்கத் துணியின் மூலையில் பித்தளைக் குருவி ஒன்று உட்கார்ந்திருக்கும். பத்தே வருடம் ஓடி மூடப்பட்ட சின்னக் கம்பெனி. பழைய விளம்பரம், கம்பெனிக் கடிதம், கடைக்காரர்களின் பேச்சு என்று தேடித் தேடி, அதன் கதையைத் தொண்ணூறு பக்கப் புத்தகமாகவே போட்டுவிட்டார். முந்நூறு பிரதி. பாதிக்கு மேல் இன்னும் கட்டுப் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் கிடந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஐம்பதைத் தாண்டிய பெண் ஒருவர், படுக்கை விரிப்பில் சுற்றிய மூட்டையை இடுப்பில் தாங்கிக்கொண்டு கிளினிக்குக்குள் வந்தார். தையல்காரர். அளவு நாடாவைக் கழற்ற மறந்து கழுத்திலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"எந்தப் பல்லும்மா?"

"பல்லெல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டர். உங்க புத்தகத்தைப் பத்திப் பேசணும்."

டாக்டரின் முகம் மலர்ந்தது. புத்தகத்துக்காக அவரைத் தேடி வந்த முதல் ஆள்.

வந்தவர் அறுபத்தோராம் பக்கத்தைப் பிரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். கடைசி மாடல் ரேடியோக்கள் வீட்டுக்கு வீடு புகைந்துபோய், கம்பெனியே மூடப்பட்டதற்குக் காரணம் சொன்ன வரி அது: 'டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பிச் சுருள் சுற்றிய தொழிலாளியின் கவனக்குறைவு.'

"அந்தத் தொழிலாளி எங்கப்பா."

டாக்டர் அந்த வரியை மறுபடி ஒருமுறை படித்தார். "கம்பெனிக் கடிதத்துல அப்படித்தாம்மா இருந்துச்சு..."

"இருந்திருக்கும். அதைச் சொல்லித்தான் வேலையை விட்டு அனுப்பினாங்க. அப்பாவுக்கு இப்ப எண்பத்தெட்டு வயசு. மூட்டைக்குள்ள இருக்கறது அவர் கையால சுருள் சுத்தின கடைசி மாடல் ரேடியோ. எனக்கு ஆறு வயசிருக்கும்போது ஒரு நாள் இதுல கருகின வாடை வந்துச்சு. பிளக்கைப் பிடுங்கினவர்தான், அதுக்கப்புறம் தொடவே இல்லை. தொறந்து பாருங்கப்பான்னா வேண்டாம்பார். நீங்க பாத்துச் சொல்லுங்க. அப்பா மேல தப்புன்னா அந்த வரி அப்படியே இருக்கட்டும்."

அன்று சாயங்காலமே டாக்டர் அதைத் திறந்தார். டிரான்ஸ்ஃபார்மரில் நூல் பிசகாத அடுக்குகள். ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் மெழுகுக் காகிதம். ஓரத்தில் மட்டும் லேசான கருகல். ஆனால் பார்க்க அழகாயிருந்தால் போதுமா? வெளியே வெள்ளையாக மின்னி உள்ளே சொத்தையான பற்களை எத்தனையோ பார்த்தவர் அவர்.

நேரடியாக மின்சாரம் கொடுக்காமல் நடுவில் ஒரு குண்டு பல்பை இணைத்தார். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும். வால்வுகள் சூடேறியதும் எரிந்தது. மின்சாரத்தை நிறுத்துவதும், ஓர் இணைப்பை விடுவிப்பதும், மறுபடி கொடுத்துப் பார்ப்பதுமாக ஒரு மணி நேரம் போயிற்று. மின்சாரத்தைத் தேக்கிவைக்கும், விரல் தடிமனில் இருந்த ஒரு கண்டென்சரை விடுவித்த பிறகு பல்பு மங்கலாகவே நின்றது. கெட்டுப்போன கண்டென்சர் மின்சாரத்தை அளவில்லாமல் இழுத்திருக்கிறது. தாங்க முடியாமல் டிரான்ஸ்ஃபார்மர் சூடாகியிருக்கிறது. சுருளில் ஒரு கோளாறும் இல்லை.

அலமாரியிலிருந்த கடைசி மாடல் குருவிகள் மூன்றையும் இறக்கிப் பார்த்தார். மூன்றிலும் டிரான்ஸ்ஃபார்மர் கருகியிருந்தது. மூன்றிலும் அதே கண்டென்சர், அதே ஷார்ட். பன்னிரண்டு வருடமாகக் கையெட்டும் தூரத்தில் இருந்தவை. கடிதத்தை நம்பினாரே தவிர, ஒன்றையாவது அவர் சோதித்துப் பார்த்ததில்லை.

"என்ன, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள் மனைவி.

"ஒரு மனுஷன் மேல அபாண்டமா எழுதிட்டேன்."

"அப்ப போய் அவர்கிட்டச் சொல்லுங்க. ரேடியோகிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

ஞாயிற்றுக்கிழமை, புதுக் கண்டென்சர் போட்ட ரேடியோவோடு போனார். மகள் தையல் மெஷினில் இருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பழைய கண்டென்சரை வாங்கி விரல்களுக்கிடையே உருட்டினார்.

"இதுவா?"

"இதுதாங்க. உங்க சுருள்ல ஒரு குறையும் இல்ல."

பெரியவர் கண்டென்சரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நான்தான்னு நெனச்சிட்டேன். கடைசி மாசமெல்லாம் ஓவர்டைம். கண்ணு சொருகும். எங்கயோ தப்பியிருக்கும்னு... தொறந்தா தெரிஞ்சிடுமேன்னுதான் தொறக்கல."

மெஷின் நின்றது. அப்பாவுக்குக் கம்பெனி மேல் கோபம், அதனால்தான் தொடவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தவர் மகள். எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லப்பா."

"உனக்கு ஆறு வயசும்மா."

"அதுக்கப்புறம் அம்பது வருஷம் ஆச்சேப்பா."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, திருத்தி எழுதி வந்ததைப் படித்தார்: 'மட்டமான கண்டென்சரை வாங்கிப் போட்ட முதலாளி, பழியைத் தொழிலாளியின் தலையில் கட்டினார்.'

பெரியவர் மறுப்பாகத் தலையை ஆட்டினார். "அவர் தெரிஞ்சே செஞ்சார்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எடுத்துடுங்க. அவருக்கும் பிள்ளைங்க இருக்கலாம். ஒரு நாள் படிக்கலாம்."

டாக்டர் அங்கேயே அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டார். கண்டென்சர் பழுது, சுருளில் குறையில்லை என்பதோடு, சுற்றியவரின் முழுப் பெயரையும் போட்டுச் சிறு சீட்டுகளாக அச்சடித்தார். கட்டிலுக்கடியிலிருந்த பிரதிகளை இழுத்துப்போட்டு, கணவனும் மனைவியும் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து அந்தப் பழைய வரியின் மேல் ஒட்டினார்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு மன்னிப்புக் கடிதத்தோடு சீட்டு தபாலில் போனது.

அடுத்த மாதம் தையல்காரர் கிளினிக்குக்கு வந்தார். இம்முறை நிஜமாகவே கடைவாய்ப்பல்.

"ரேடியோ எப்படிம்மா இருக்கு?"

"அதை ஏன் கேக்கறீங்க! விடிஞ்சதும் போட்டுடறார், படுக்கிற வரைக்கும் நிறுத்தறதில்ல. கஸ்டமர் அளவு சொன்னா காதுல விழமாட்டேங்குது. ஒரு நாள் வந்து சத்தமில்லாம கொஞ்சம் கெடுத்துட்டுப் போங்க டாக்டர்" என்று சிரித்தபடியே வாயைத் திறந்தார்.