உட்கார்ந்திருந்தால் சம்மதம்

வர்த்தக சங்கத்துக்கு நூறு வயதாகிறது என்று ஆளுயரப் பளிங்குக் கல் ஒன்றை வாங்கி வந்து, கூட்ட அறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். சங்கத்தின் வரலாறு அதில் ஏறப்போகிறது. யார் தொடங்கியது, யார் யார் தலைவர், கட்டடம் எப்படி எழும்பியது, எல்லாம். செதுக்குவதற்கு முன்னால் வாசகத்தை உறுப்பினர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் இன்றைய கூட்டம்.

அந்த வாசகத்திலிருந்து ஒரே ஒரு வரியை எடுக்க வைக்கத்தான் பூட்டக்கா சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்திருந்தாள்.

கடைவீதியில் பூட்டு விற்பதால் பூட்டக்கா. அது முகத்துக்கு முன்னால். முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்: 'கதவை மூடினவன் மக'.

நாற்பது வருடக் கதை. சங்கத்தின் பொதுக் கிடங்கில் சரக்கு திருட்டுப் போய்க்கொண்டே இருந்தது. பின்கதவை ராத்திரியில் வெளியிலிருந்து பூட்டிவிடலாம் என்று அன்றைய தலைவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். உள்ளே மூட்டை தூக்குகிறவர்கள் படுத்திருப்பார்களே என்று ஒரு கூட்டம் எதிர்த்தது. எதிர்ப்பில் ஒரு தலை குறைந்தது. தீர்மானம் நிறைவேறிவிட்டது. குறைந்த அந்தத் தலை பூட்டக்காவின் அப்பா.

அடுத்த மழைக்கு முன்னால் கிடங்கு எரிந்தது. உள்ளே படுத்திருந்த யாரும் வெளியே வரவில்லை. பின்கதவில் தொங்கியது அப்பா கடைப் பூட்டு.

அதைப் பார்க்க அப்பா இல்லை. தீர்மானம் நிறைவேறிய அன்றே, எல்லோரும் கலைந்து போன பிறகு, தன் நாற்காலியிலேயே மாரடைப்பில் போயிருந்தார். சன்னல் சாத்த வந்தவர்தான் பார்த்தார். பூட்டை விற்றது சித்தப்பா. கேட்டு வந்தார்கள், எடுத்துக் கொடுத்தார். ஆனால் ஊர் வாயை எந்தப் பூட்டால் பூட்டுவது? 'பூட்டு விக்க ஆளுங்களைப் பூட்டினான்' என்று பேச்சு கிளம்பி, அப்படியே நிலைத்துவிட்டது.

"அன்னைக்குக் காலையில சட்டைப் பட்டனைப் போட்டுக்கிட்டே சொன்னாருடி" என்று அம்மா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள். "'இன்னைக்கு எழுந்து நிக்கப் போறேன். பூட்டு விக்கலேன்னா விக்காம போகட்டும்'னு."

எழுந்து நிற்பது சங்கத்தின் வழக்கம். கை தூக்குவதில்லை. வாயால் சொல்வதும் இல்லை. வேண்டாம் என்பவர் எழ வேண்டும். செயலாளர் நிற்கிற தலைகளை மட்டும் எண்ணுவார். உட்கார்ந்திருந்தால் சம்மதம்.

பூட்டக்கா அம்மாவுக்குத் தலையாட்டுவாளே தவிர, முழுசாக நம்பியதில்லை. எழப் போகிறேன் என்று சொல்லிப் போன மனிதர் ஏன் எழவில்லை? அந்தக் கேள்வி தொண்டை முள்ளாகவே நின்றுவிட்டது. அப்பாவின் படத்துக்கு முன்னால் நிற்கும்போதெல்லாம் உறுத்தும்.

சங்கத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு நாற்காலி. கை வைத்த கனமான தேக்கு நாற்காலி, இடம் மாற்ற இரண்டு ஆள் வேண்டும். ஒரு கடை நாற்காலியில் இன்னொரு கடைக்காரர் உட்காருவது வழக்கமில்லை. பூட்டுக்கடை நாற்காலி அப்பா போன நாளிலிருந்து காலி.

"வாங்கக்கா, தொடைச்சு வச்சிருக்கேன்" என்றார் பக்கத்து நாற்காலி எண்ணெய்க்கடைக்காரர். "கொஞ்சம் சத்தம் போடும், பயந்துடாதீங்க."

"என்ன சத்தம்ண்ணே?"

"ஓட்டெடுக்கும்போது மட்டும் க்ரீச்னு ஒண்ணு. ஆள் எழறாப்ல. 'பூட்டுக்கடையார் எழப் பாக்கறார்'னு எங்கப்பா காலத்துலேர்ந்தே ஒரு கேலி..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க."

மேசையின் தலைமாட்டிலிருந்து தலைவர் சிரித்தார். ஜவுளிக்கடை முதலாளி. அன்றைக்குத் தீர்மானம் கொண்டுவந்த தலைவரின் மகன். "மரம்னா முனகத்தான் செய்யும். எங்க கடைப் படிக்கட்டு தினம் முனகுது. அதுக்காக அது எங்க தாத்தாவா?"

எல்லோரும் சிரித்தார்கள். பூட்டக்கா உட்கார்ந்தாள்.

வெளியே நல்ல வெயில். சன்னல் வழியாக மேசை மேல் பட்டையாக விழுந்திருந்தது. ஆனால் நாற்காலிப் பலகை ஈரத் துணி போல் சில்லிட்டது.

செயலாளர் வாசகத்தைப் படித்தார். அவர் பெயிண்ட் கடைக்காரர், கணீர்க் குரல். தொடக்கம், கட்டடம், வெள்ளம் வந்த வருடம். பிறகு அந்த வரி. "கிடங்கின் பின்கதவைப் பூட்டும் தீர்மானம் பூட்டுக்கடையாரின் ஒரே வாக்கால் நிறைவேறி, பெரும் உயிர்ச்சேதத்துக்கு வழிவகுத்தது."

"தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் பேரு கல்லுல காணோமே?" என்றாள் பூட்டக்கா.

தலைவரின் சிரிப்பு சுருங்கியது. "அதெல்லாம் பழசும்மா. கிளறிக்கிட்டே இருந்தா விழா எப்ப நடத்தறது? வாசகத்தை ஒத்துக்காதவங்க எழுந்து நில்லுங்க. எண்ணிடலாம்."

பூட்டக்கா எழுந்தாள்.

எழுந்ததாகத்தான் நினைத்தாள். உடம்பு நாற்காலியிலேயே இருந்தது.

முழங்காலைத் தேடினாள். அது யாருடைய காலோ போல் கிடந்தது. நெஞ்சின் மேல் மூட்டை ஏற்றி வைத்த கனம். 'இருங்க' என்று கத்தினாள், உதடுகூட அசையவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்து உந்தப் பார்த்தாள். விரல் நுனிகள் அதன் அடிப்பக்கத்தில் எதிலோ சிக்கின.

பள்ளங்கள். மரத்தைப் பிறாண்டிய நான்கு பள்ளங்கள். அவள் நகங்கள் அளவெடுத்தது போல் அதில் பொருந்தின.

இங்கேதான், இப்படித்தான் அவர் பிடித்திருக்கிறார்.

அறையில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். ஒருவர் மின்விசிறியைக் கூட்டச் சொன்னார். செயலாளரின் பேனா நின்றிருக்கும் தலைகளைத் தேடி, அவளைத் தாண்டிப் போனது. நாற்காலி மட்டும் க்ரீச் என்றது.

"எழப் பாக்கறார்டோய்" என்று கோடியிலிருந்து ஒரு கிசுகிசு. சிரிப்பு.

"யாரும் எழல" என்றார் செயலாளர். "அப்ப, ஏகமனதா..."

மடியில் கடைச் சாவிக்கொத்து இருந்தது. அவள் இடது கையில் ஒரே ஒரு விரலுக்குத்தான் உயிர் இருந்தது. அதைக் கொண்டு தள்ளினாள். சாவிக்கொத்து தரையில் விழுந்து அறை முழுக்கச் சிதறுவது போல் சத்தம் போட்டது.

எடுக்கக் குனிந்த எண்ணெய்க்கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். "ஐயோ! அக்கா!" இரண்டு தோளையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். நாற்காலியை விட்டு வெளியே வந்ததும் காலுக்கு ரத்தம் ஓடியது, தொண்டை திறந்தது.

"நான் ஒத்துக்கல" என்றாள்.

"எண்ணி முடிச்சாச்சும்மா" என்றார் தலைவர். "எழறவங்க எண்ணும்போதே எழணும்."

"அன்னைக்கும் இப்படித்தானே எண்ணினீங்க? எங்கப்பா எழப் பாத்திருக்கார். அவரால முடியல. செத்துக்கிட்டு இருந்தவரைச் சம்மதம்னு எழுதிக்கிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டீங்க."



எண்ணெய்க்கடைக்காரர் மெல்லச் சொன்னார். "எங்கப்பா அன்னைக்குக் கிளம்பும்போது 'வர்றேன்ப்பா'ன்னு சொன்னாராம். பூட்டுக்கடையார் திரும்பிக்கூடப் பாக்கலையாம். தீர்மானம் ஜெயிச்ச திமிருன்னு நினைச்சு வந்துட்டாராம்."

"நல்லா ஜோடிக்கறீங்க ரெண்டு பேரும்" என்று தலைவர் எழுந்து வந்தார். "மரக்கட்டைக்குப் பயந்தா வியாபாரம் பண்ண முடியுமா? இப்ப பாருங்க." வழக்கத்தை மீறி, பூட்டுக்கடை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து கால் மேல் கால் போட்டார். "என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல."

பூட்டக்கா கூட்டத்தைப் பார்த்தாள்.

"கிடங்கோட பின்கதவைப் பூட்டணும்னு ஒரு தீர்மானம். உள்ள ஆளுங்க தூங்கறாங்க. வேணாம்னு சொல்றவங்க எழுந்து நில்லுங்க."

முதலில் எண்ணெய்க்கடைக்காரர் எழுந்தார். பிறகு ஒவ்வொருவராக. கேலி செய்த கோடி நாற்காலியும் எழுந்தது. பேனாவோடு செயலாளரும் எழுந்தார். அறையில் உட்கார்ந்திருந்தது தலைவர் ஒருவர்தான்.

"நீங்க?" என்றாள்.

தலைவர் சிரிக்கப் பார்த்தார். பாதிச் சிரிப்பில் முகம் நின்றுபோனது. கண்கள் மட்டும் இப்படியும் அப்படியும் ஓடின. விரல்கள் நாற்காலிக் கையைப் பிறாண்டும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"எழுந்திருங்க முதலாளி" என்று செயலாளர் கெஞ்சினார்.

க்ரீச்.

"உக்காந்திருக்கார்" என்றாள் பூட்டக்கா. "சம்மதம்னு எழுதிக்கலாமா?"

தலைவரின் கண்ணோரம் நீர் கோத்து வழிந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குள் எதுவோ இளகியது. கிட்டே போய், நாற்காலியின் முதுகில் கை வைத்தாள். சின்ன வயதில் சைக்கிளில் அப்பாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போன ஞாபகம்.

"போதும்ப்பா. அவரை விடுங்க. உங்க தலையையும் எண்ணியாச்சு."

தலைவர் மூழ்கியவர் மேலே வருவது போல் மூச்சை இழுத்துக்கொண்டு முன்னால் விழுந்தார். இரண்டு பேர் தாங்கினார்கள். வெகுநேரம் கழித்துத்தான் பேச்சு வந்தது. செயலாளரைப் பார்த்து, "அந்த வரியை அடிச்சிடுங்க" என்றார். பிறகு, யாரையும் பார்க்காமல், "தீர்மானம் கொண்டுவந்தது எங்கப்பான்னு எழுதுங்க" என்றார்.

அன்று முதல் சங்கத்தில் எழுந்து நிற்கும் வழக்கம் போனது. வேண்டும், வேண்டாம் எதுவானாலும் ஒவ்வொருவரும் வாய் திறந்து சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால், பக்கத்தில் இருப்பவர் தொட்டுப் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை அறையைத் திறந்த செயலாளர் பூட்டக்காவுக்கு ஆள் அனுப்பினார். அவள் வந்து வாசலிலேயே நின்றாள். மற்ற நாற்காலிகள் மேசையை ஒட்டி இருந்தன. அப்பாவின் நாற்காலி மட்டும் ஒரு முழம் பின்னால் தள்ளி, வாசல் பக்கம் லேசாகத் திரும்பியிருந்தது. உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து, அதைத் தள்ளிவிட்டு வெளியே போன மாதிரி.

"ரெண்டு ஆளைக் கூப்பிட்டு உள்ள தள்ளச் சொல்லட்டுமாக்கா?" என்று கேட்டார் செயலாளர். குரல் கணீரென்று இல்லை.

"வேணாம்" என்றாள் பூட்டக்கா. "எழுந்தவர் எழுந்தபடியே இருக்கட்டும்."