பதினான்காம் குப்பி

ஆராய்ச்சிக் கூடத்தில் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் 'மூக்கம்மா' என்று பெயர். அது அவளுக்கும் தெரியும். சண்டைக்குப் போகும் தெம்பெல்லாம் வடிந்து பல வருடமாகிறது. மூளை ஒரு வாசனையை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்பதைத் தவிர வேறெதையும் அவள் வாழ்க்கையில் தேடியதில்லை. தேடிக் கிடைத்ததும் ஒன்றே ஒன்றுதான்: பதினான்காம் குப்பி.

நறுக்கிய புல்லின் வாசம் வீசும் ஒரு திரவம் அதில் இருந்தது. பிறந்த எலிக்குஞ்சுகளுக்குத் தினமும் அதைப் பஞ்சில் தொட்டு மூக்கருகே காட்டி வளர்த்தால் போதும். வளர்ந்த பிறகு பூனை வாடைக்கு நடுவில் விட்டாலும், அந்தப் பஞ்சை வைத்ததும் எலிக்குப் பயம் விட்டுப்போகும். மற்ற இருபது குப்பிகளுக்கும் அந்த யோகம் இல்லை. பத்தொன்பது வருட உழைப்பு இது. பயந்த பிள்ளைகளுக்கு இதிலிருந்து மருந்து செய்யலாம் என்று எங்கோ ஒரு குழு இவளை நம்பி வேலையே ஆரம்பித்துவிட்டது.

இப்போது ஏழு மாதமாக ஒன்றும் நடக்கவில்லை. பஞ்சை வைத்தாலும் எலி மூலையிலேயே ஒடுங்கிக் கிடந்தது. எலியை மாற்றினாள், திரவத்தை மாற்றினாள், மூளையைப் படம் பிடிக்கும் கருவியைப் பிரித்துப் பூட்டினாள். ம்ஹும்.

"இன்னும் ரெண்டு வருஷம்தானே சர்வீஸ், வாயைத் தொறக்காம ஓட்டிடேன்," என்றார் கணவர், துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே. "பழைய கட்டுரையெல்லாம் அச்சாகியாச்சு. யாரு வந்து நோண்டப் போறா?"

அவளுக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. அலுத்துப்போனவளுக்கு இதைவிட இனிப்பான யோசனை வேறு என்ன இருக்க முடியும்?

மறுநாள் கூண்டறைப் பதிவேட்டைப் புரட்டினாள். ஏழு மாதத்துக்கு முன் ஒரு பக்கத்தில் கையெழுத்து மாறியிருந்தது. அதுவரை இருந்த குண்டுக் கையெழுத்து எலிக்காரருடையது. ஆரம்பத்திலிருந்தே கூண்டுகளைப் பார்த்துக்கொண்டவர். அந்த மாதம்தான் ஓய்வு பெற்றார். உடனே அவருக்குப் போன் போட்டாள்.

இஸ்திரி போட்ட சட்டையில் மதியமே வந்துவிட்டார்.

"அண்ணே, பதினாலாம் நம்பர் பஞ்சை எப்படித் தயார் பண்ணுவீங்க? ஒரு தரம் செஞ்சு காட்டுங்க."

அவர் ஃபிரிட்ஜைத் திறந்தார். மற்ற குப்பிகள் அலமாரியில் இருக்கும். இது சீக்கிரம் ஆவியாகும் என்பதால் இதற்கு மட்டும் குளிர். பஞ்சைத் திரவத்தில் தொட்டவர், சட்டைக்குள் கையை விட்டு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிம்மதியாக நின்றார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"சில்லுனு இருக்குமேம்மா. கண்ணு தொறக்காத குஞ்சு, அப்படியே வெச்சா உதறும். ரெண்டு நிமிஷம் சூடு காட்டித்தான் வெப்பேன்."

"பெரிய எலிக்கு?"

"அதுக்கும்தான். குஞ்சுக்கு ஒரு நியாயம், அதுக்கு ஒரு நியாயமா?"

அவள் எந்தக் குப்பியிலும் தொடாத வெறும் பஞ்சு ஒன்றை எடுத்து நீட்டினாள். "இதையும் அதே மாதிரி வெச்சுக் குடுங்க."

அவர் கையால் வளர்ந்த கிழட்டு எலி ஒன்று மிச்சம் இருந்தது. முந்தின நாள்கூட பதினான்காம் குப்பிப் பஞ்சுக்கு அது அசையவில்லை. பூனை வாடை அடிக்கும் பெட்டியில் இன்றும் மூலையில் சுருண்டது. அவர் இடுக்கிக் கொடுத்த வெறும் பஞ்சை அவள் வைத்தாள். எலி மூக்கைத் தூக்கியது. மெல்ல நடந்து வந்து, பஞ்சின்மேல் மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டது.

"அட, என்னைத் தெரியுதும்மா அதுக்கு," என்றார் எலிக்காரர். அவருக்கு முகமெல்லாம் பல்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. பத்தொன்பது வருடமாக உலகத்துக்கு அவள் விளக்கிக்கொண்டிருந்தது இந்த மனிதரின் கக்கத்தை. அவள் முகத்தைப் பார்த்து அவர் சிரிப்பு அடங்கியது.

"நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனாம்மா?"

"இல்லண்ணே. நீங்க ஒரு தப்பும் பண்ணல."

அவர் போன பிறகு, அவர் முதலில் இடுக்கியிருந்த பஞ்சை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். புல் வாசம் லேசாக இருந்தது. அதற்கு மேலே சோப்பும் வியர்வையும் தெளிவாக, எந்தக் குழந்தையும் சொல்லிவிடும் அளவுக்கு இருந்தன.

கட்டுரைகளைத் திரும்பப் பெறும் படிவத்தைத் திறந்தாள். காரணம் கேட்டிருந்த கட்டத்தில் 'பராமரிப்பாளரின் பிழை' என்று விரல் தானாக அடித்துவிட்டது. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள்: 'ஆய்வாளர் பஞ்சை ஒருமுறைகூட முகர்ந்து பார்க்கவில்லை.'