முழுசாக நாற்பத்திரண்டு நிமிஷம்

அப்துல் கரீம் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டால் வீட்டில் யாரும் அவனைக் கூப்பிடக் கூடாது. யார் போட்ட சட்டம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால், இரண்டு அறையும் ஒரு பால்கனியுமாக இரண்டாம் மாடி வீடு. தி. நகரில் ஜிப்பும் லைனிங் துணியும் விற்கிற கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஏழு மணிக்கு வருவான். டீ குடிப்பான். பால்கனியில் நாற்காலியைப் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். அவ்வளவுதான், அடுத்த நாற்பத்திரண்டு நிமிஷத்துக்கு ஐயா ஊரிலேயே இல்லை.

எப்போதும் ஒரே ஆல்பம்தான். சைக்கெடெலிக் ராக்காம், இழுத்து இழுத்து வாசிக்கிற இங்கிலீஷ் பாட்டு, காலேஜ் நாளில் பிடித்த கிறுக்கு. மொத்தமே மூன்று பாட்டு. ஒவ்வொன்றும் டைடல் பார்க் சிக்னல் மாதிரி, முடியவே முடியாது.

"பாடுறவன் எப்பங்க வருவான்?" என்று அவன் மனைவி வஜீஹா ஒருமுறை கேட்டாள்.

"வருவான். இன்னா அவசரம்?" என்றான்.

அவனுக்கென்ன அவசரம், மகராசன்! வஜீஹாவுக்கும் ஒரு ஹெட்போன் உண்டு. அது சம்பளத்துக்கு மாட்டுவது. பெருங்குடியில் இருக்கும் ஒரு வாட்டர் பியூரிஃபையர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே போன் எடுக்கிற வேலை. காலை ஏழிலிருந்து மூன்று வரை "வணக்கம், வஜீஹா பேசுறேன்" என்று நூறு தடவை சொல்ல வேண்டும். ஊரில் எவன் வீட்டு ஃபில்டர் அடைத்துக்கொண்டாலும் திட்டு அவளுக்குத்தான். மூன்று மணிக்கு மேல் மாமனார் பீர் முஹம்மதின் முறை. இடுப்பெலும்பு உடைந்து ஏழு மாசமாகக் கட்டிலோடு கிடக்கிறார். தங்கமான மனுஷன், வாய் மட்டும் ஓயாது. தண்ணி, ஃபேன், தலையணை, மறுபடியும் ஃபேன். நடுவில் ஆறாவது படிக்கிற மகள் ஃபிசா, காலிங் பெல், கேன் தண்ணிக்காரர். எல்லோருக்கும் வஜீஹா பெயர்தான் வாயில் வரும்.

ஒருநாள் மாமாவை பாத்ரூமுக்குக் கூட்டிப்போக இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. வஜீஹா பால்கனிக்கு வந்து கரீமின் தோளைத் தொட்டாள். கண்ணைத் திறக்காமலே "தோ, முடியப்போவுது" என்றான். எங்கே முடிந்தது? அவளே தனியாகத் தூக்கினாள், முதுகு பிடித்துக்கொண்டது. தைலத்தைத் தேய்த்துக்கொண்டே, அப்படி என்னத்தைத்தான் அந்த ஹெட்போனுக்குள் ஒளித்துவைத்திருக்கிறான் என்று வயிறெரிந்தாள்.

மறுநாள் நாலு மணிக்கு மாமா கொஞ்சம் கண்ணசந்தார். வஜீஹா அந்தப் பெரிய ஹெட்போனை எடுத்துத் தன் போனில் செருகி, அதே ஆல்பத்தைத் தேடிப் போட்டாள்.

ஒரு கிடார் ஒரே சுரத்தை எடுத்தது, வைத்தது, மறுபடி எடுத்தது. ஈரப் புடவை கொடியில் காய்கிற வேகம். டிரம் சத்தத்தைக் கேட்டால், அடிக்கிறவன் எங்கேயும் போய்ச் சேர வேண்டியவன் மாதிரியே தெரியவில்லை. முதலில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. சீக்கிரம் சொல்லித் தொலையேன், என்ன கம்ப்ளெயின்ட் என்று மனசு பழக்கத்தில் கேட்டது. ஒரு கம்ப்ளெயின்ட்டும் இல்லை. அந்தப் பாட்டுக்கு அவளிடமிருந்து ஒன்றுமே வேண்டியிருக்கவில்லை. அது புரிந்ததும் தோள் இரண்டும் தானாகக் கீழே இறங்கின. இத்தனை நாளாக அவற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அழுகை வந்தது.

"ம்மா! பெல் அடிக்குது!" என்று ஃபிசா உலுக்கினாள். பதினோரு நிமிஷம் ஆகியிருந்தது.

அதிலிருந்து ஒரு வெறியே பிடித்துவிட்டது. ஒரே ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிட வேண்டும். பத்து நாள் மல்லுக்கட்டினாள். ஒருநாள் ஆறு நிமிஷம், ஒருநாள் ஒன்பது, அதிகபட்சம் பதினாலு. கரீம் மாட்டினால் சட்டம், அவள் மாட்டினால் வெறும் காது! கடைசியில் வெட்கத்தை விட்டு அவனிடமே கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை அந்தப் பாட்ட நான் முழுசா கேக்கணும். வீட்ட நீங்க பாத்துக்கங்க."

கரீமுக்குத் தலைகால் புரியவில்லை. பதினேழு வருஷமாக அவன் ரசனைக்குத் துணை கிடைத்ததில்லை பாருங்கள்! ஞாயிறு காலை பத்து மணிக்கு அவனே நாற்காலியைப் போட்டு, அவனே ஹெட்போனை மாட்டிவிட்டு, பக்கத்தில் முக்காலி இழுத்து உட்கார்ந்துகொண்டான்.

மூன்றாவது நிமிஷம் ஒரு பக்கத்துக் காதை விலக்கினான். "இந்த ஆர்கன் வருது பாரு, கவனி."

ஐந்தாவது நிமிஷம்: "இத ஒரு மாதா கோயில்ல வெச்சு ரெக்கார்ட் பண்ணாங்க."

ஏழாவது நிமிஷம்: "வஜீஹா, வஜீஹா, இப்பதான் மெயின் இடம்!"

அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். கத்தவில்லை, கத்துவதற்குத் தெம்பில்லை.

"என்னங்க, கஸ்டமர் கூப்பிடுறான். மாமா கூப்பிடுறாரு. ஃபிசா கூப்பிடுறா. இதுக்குள்ள வந்து நீங்களும் கூப்பிடுறீங்களே."

"நான் எங்க கூப்டேன்? சொல்லித்தானே குடுக்குறேன்."

"எனக்கு ஒண்ணும் தெரிய வேணாம். நான் ரொம்பக் களைச்சுப்போயிட்டேங்க. கொஞ்ச நேரம் என்னை விட்டுடுங்க, போதும்."

இத்தனை வருஷத்தில் அவள் களைப்பு என்று சொல்லிக் கரீம் கேட்டதில்லை. அவள் சொன்னதுமில்லை. முக்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

வஜீஹா முதலிலிருந்து போட்டாள்.

இருபதாவது நிமிஷம்போல மூடிய இமைமேல் நிழல் விழுந்தது. மாத்திரை எங்கே, லுங்கி எங்கே என்று கேட்க வந்திருப்பான். இப்போது தொடுவான் என்று அவள் உடம்பெல்லாம் இறுகிக் காத்திருந்தது. நிழல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு போய்விட்டது. கண்ணைத் திறக்காமலே வஜீஹா அழுதாள், இந்தத் தடவை யாரும் உலுக்கவில்லை. பாட்டு அதன் வழியில் போய்க்கொண்டே இருந்தது.

உள்ளே வந்தபோது தரையெல்லாம் ஈரம். கரீமின் சட்டையில் கஞ்சி வழிந்திருந்தது. மாமாவின் கட்டில் விளிம்பில் அடிபட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"நல்லா இருந்துதா?"

"நாளைக்கும் வேணும்" என்றாள்.

அவனுக்கு விஷயம் உறைக்க ஒரு நிமிஷம் பிடித்தது. நாளைக்குக் கடை உண்டு, அவன் வீட்டில் இருப்பது சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான்; அந்த நேரத்தை அவள் எடுத்துக்கொண்டால் அவனுக்குப் பாட்டு இல்லை. மெதுவாக, கடையில் பேசுகிற குரலில் கேட்டுப் பார்த்தான்:

"ஒருநாள் விட்டு ஒருநாள்?"

"பேரம்லாம் கடையோட வெச்சுக்கங்க. நாளைக்கும் வேணும்."

"வஜீஹா!" என்றார் பீர் முஹம்மது கட்டிலிலிருந்து. "அந்த ஃபேன..."

அவள் கால் பழக்கத்தில் ஓரடி எடுத்து வைத்துவிட்டது. கரீம் எழுந்தான்.

"இன்னா அத்தா, எங்கிட்ட சொல்லு" என்று சொல்லிவிட்டு ஃபேன் சுவிட்சைத் தேடிப் போனான்.